திரையா, இதழா: பழைய 4×5 கேமராவுக்கு எந்த ஷட்டர்?

ஸ்பீட் கிராஃபிக்கையும் கிரவுன் கிராஃபிக்கையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். இரண்டும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் கிராஃப்ளெக்ஸ் கம்பெனி செய்தவை. மஹோகனிப் பெட்டி, மேலே கறுப்புத் தோல், முன்கதவைத் திறந்தால் தண்டவாளத்தில் நகர்ந்து வரும் துருத்தி போன்ற பெல்லோஸ், எல்லாம் ஒன்றேதான். வித்தியாசம் முதுகில் இருக்கிறது. ஸ்பீட் கிராஃபிக்கில் ஃபிலிமுக்குச் சற்று முன்னால் ரப்பர் பூசிய கறுப்புத் துணி ஒன்று உருளையில் சுற்றிக் கிடக்கும். அதுதான் ஃபோக்கல் பிளேன் ஷட்டர். சுருக்கமாகத் திரை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். கிரவுனில் அந்தத் துணி கிடையாது. லென்ஸின் நடுவில் இதழ்களாக விரிந்து மூடும் லீஃப் ஷட்டரை மட்டும் நம்பி வாழ்கிற கேமரா அது.

4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் படம் எடுக்க ஆசைப்பட்டுப் பழைய கேமரா தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். திரை உள்ளதை வாங்குவதா, இல்லாததை வாங்குவதா? கேள்வியோடு ஒரு காரணமும் ஒட்டிக்கொண்டு வரும்: "ஸ்பீட்ல 1/1000 இருக்கே!" அந்தக் காரணம் தப்பு என்பது என் கட்சி. திரையை வேகத்துக்காக வாங்கக் கூடாது. ஷட்டரே இல்லாத லென்ஸ்களுக்காக வாங்கலாம். அப்படி ஒரு லென்ஸ் உங்களிடம் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை என்றால் கிரவுனை எடுத்துக்கொண்டு மிச்சக் காசுக்கு ஃபிலிம் வாங்குங்கள்.

துணியின் கணக்கு

35 மி.மீ. கேமராவில் பழகியவர்களுக்கு இரண்டு திரைகள் நினைவுக்கு வரும். ஒன்று திறந்துகொண்டு ஓட, மற்றது மூடிக்கொண்டு பின்தொடரும். கிராஃப்ளெக்ஸ் திரை அப்படியல்ல. ஒரே நீளத் துணி, அதில் ஜன்னல் மாதிரி வெட்டிய சில திறப்புகள், அவ்வளவுதான். 1940 முதல் 1947 வரை வந்த ஆனிவர்சரி மாடலில் ஃபிலிம் முழுவதையும் திறந்துவிடும் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அப்புறம் ஒன்றரை அங்குலம், முக்கால் அங்குலம், அதில் பாதி, கடைசியாக அரைக்கால் அங்குலம் என நான்கு பிளவுகள். ஸ்பிரிங்கை ஆறு நிலைகளில் முறுக்கலாம். நான்கு பிளவு, ஆறு முறுக்கு, ஆக 24 வேகங்கள். கேமராவில் அறைந்திருக்கும் சின்னத் தகட்டில் அத்தனையும் வாய்ப்பாடு போல அச்சாகியிருக்கும். அகலப் பிளவும் முதல் முறுக்கும் என்றால் 1/10. குறுகிய பிளவும் ஆறாம் முறுக்கும் என்றால் 1/1000. 1947இல் வந்த பேஸ்மேக்கரில் இந்த வாய்ப்பாட்டைச் சுருக்கி, இரண்டே முறுக்கு, 1/30 முதல் 1/1000 வரை ஆறே வேகம் என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்த 1/1000ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அரைக்கால் அங்குலம் என்பது 3.2 மி.மீ. ஃபிலிமின் ஒரு புள்ளியை அந்தப் பிளவு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் கடக்க வேண்டுமானால், துணி விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். ஃபிலிமின் உயரம் ஏறக்குறைய 100 மி.மீ. மேலிருந்து கீழே போய்ச்சேர 1/32 விநாடி பிடிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி 1/1000 விநாடிக்குரியதுதான். ஆனால் படம் முழுவதும் பதிந்து முடிய 1/30 விநாடிக்குப் பக்கத்தில் ஆகிவிடுகிறது. மேல் விளிம்பு பதிந்த நேரம் வேறு, கீழ் விளிம்பு பதிந்த நேரம் வேறு.

நிற்கிற கோபுரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற பேருந்துக்கு உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் பேருந்து அந்த 1/32 விநாடியில் அரை மீட்டர் நகர்ந்துவிடும். லென்ஸ் படத்தைத் தலைகீழாகப் போடுவதால், மேலிருந்து இறங்கும் துணி முதலில் திறப்பது சக்கரங்களை. கூரை கடைசியில்தான் பதியும். பேருந்து ஃபிலிமின் உயரத்தை நிறைத்தால் அதன் கூரை சக்கரத்தைவிட அரை மீட்டர் முன்னால் போய் நிற்கும். பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்றி லார்டிக் இளைஞராக இருந்தபோது எடுத்த கார் பந்தயப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும். ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அது திரை ஷட்டர் போட்ட கோலம். அவர் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு ஈடாகத் திருப்பவில்லை. அதனால் கார் ஒரு பக்கமும் கூட்டம் மறுபக்கமும் சாய்ந்தன.

நல்ல இதழ் ஷட்டரின் 1/400இல் அதே பேருந்து 4 செ.மீ. அளவுக்குக் கலங்கும், ஆனால் சாயாது. திரையின் 1/1000இல் கலக்கம் 2 செ.மீ.கூட இராது, ஆனால் உருவமே சாய்ந்துவிடும். இரண்டில் எது மோசம் என்பது உங்கள் ரசனை. எனக்கு அந்தச் சாய்வு பிடிக்கும். ஆனால் அதை "வேகத்தை உறையவைப்பது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. துணி ஃபிலிமைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2.5இல் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) திறந்த லென்ஸிலிருந்து ஒரு புள்ளிக்கு வரும் ஒளிக் கூம்பு, துணியைக் கடக்கும் இடத்தில் 2.4 மி.மீ. அகலம் இருக்கும். பிளவு அந்தக் கூம்பின் ஒரு விளிம்பைத் தொட்டதிலிருந்து மறு விளிம்பை விட்டு விலகும்வரை அந்தப் புள்ளிக்கு ஏதோ ஒரு பங்கு ஒளி விழுந்துகொண்டே இருக்கும். ஆக 3.2 மி.மீ. பிளவு 5.6 மி.மீ. பிளவு போல நடந்துகொள்கிறது. எக்ஸ்போஷர் அளவு மாறாது. ஆனால் அசைவை நிறுத்தும் திறன் 1/1000இலிருந்து 1/570க்கு இறங்கிவிடும். லென்ஸை எஃப் 16க்குச் சுருக்கினால் இந்தச் சிக்கல் மறைந்துவிடும். ஆனால் 1/1000 தேவைப்படுவது பெரும்பாலும் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருக்கும்போதுதானே!

ஃபிளாஷ் என்றால் பேச்சே இல்லை

ஸ்டூடியோ ஃபிளாஷோடு வேலை செய்பவர் என்றால் இதழ் ஷட்டர்தான், இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. இதழ்கள் எந்த வேகத்திலும் ஒரு கணமாவது முழுதாக விரியும். ஃபிளாஷ் அந்தக் கணத்தில் வெடித்தால் போதும். திரையின் அகலப் பிளவான ஒன்றரை அங்குலம்கூட நான்கு அங்குல ஃபிலிம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வெடித்தால் படத்தில் ஒரு பட்டைதான் வெளிச்சமாக இருக்கும். அந்தக் காலத்தில் திரைக்கென்றே நீண்ட நேரம் எரியும் பல்புகள் செய்தார்கள். துணி இறங்கி முடியும்வரை சீராக எரியும். இன்று அவற்றைத் தேடி அலைவது தனிப் பொழுதுபோக்கு.

நியூயார்க்கின் இரவுக் குற்றங்களைப் படமெடுத்த வீஜி என்றதும் கையில் ஸ்பீட் கிராஃபிக்தான் நினைவுக்கு வரும். அவருடைய வழக்கமான அமைப்பு எஃப் 16, 1/200, பத்தடி தூரம், ஒரு ஃபிளாஷ் பல்பு. அது லென்ஸ் ஷட்டர் செய்கிற வேலை. ஸ்பீட் கிராஃபிக்கின் புகழில் பெரும்பங்கு அதன் திரைக்குச் சேர வேண்டியது அல்ல.

திரை எங்கே ஜெயிக்கிறது

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு நான் ஏன் ஸ்பீட் கிராஃபிக்கை வைத்திருக்கிறேன்? லென்ஸ் காரணமாக.

லார்ஜ் ஃபார்மட் உலகத்தில் பேரல் லென்ஸ் என்று ஒரு ஜாதி உண்டு. கண்ணாடியும் குழலும் மட்டும்தான். ஷட்டர் இருக்காது, சிலவற்றில் ஒளித்துளையைச் சுருக்கும் அபெர்ச்சர்கூட இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெட்ஸ்வால் உருவப்பட லென்ஸ்கள், மாஜிக் லாந்தரிலிருந்து கழற்றியவை, அச்சகங்களில் பிராசஸ் கேமராக்களில் மாட்டியிருந்த அப்போ ரோனார், அப்போ நிக்கோர் வகைகள், உலகப் போரின்போது விமானங்களில் போன உளவு லென்ஸ்கள், எல்லாம் இந்த ஜாதிதான். அச்சகங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பிராசஸ் கேமராக்கள் இரும்புக் கடைக்குப் போயின; அவற்றின் லென்ஸ்கள் மட்டும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஷட்டரோடு வரும் லென்ஸுக்குக் கொடுக்கும் விலையில் சிறு பங்குக்கு இவை கிடைப்பதுண்டு. கூர்மையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இவற்றில் பிரபலமான ஜோடி, ஸ்பீட் கிராஃபிக்கும் கோடக் ஏரோ எக்டாரும். 178 மி.மீ., எஃப் 2.5. இரண்டாம் உலகப் போரில் வான்வழிப் படமெடுப்பதற்காகச் செய்த லென்ஸ் இது. 4×5இல் அதை முழுக்கத் திறந்தால் கண்ணின் மணி மட்டும் தெளிவாக இருக்க, காது பஞ்சாகக் கரைந்துவிடும். இதற்கு இதழ் ஷட்டர் போட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். 178ஐ 2.5ஆல் வகுத்தால் 71 மி.மீ. ஒளி நுழையத் தேவையான அகலம் அது. ஜப்பானின் கோபல் 3 (நம்ம கோபால் இல்லை, கோபல்) பெரிய இதழ் ஷட்டர்களில் ஒன்று. அதன் வாய் 45 மி.மீ.தான். மாட்டினாலும் எஃப் 2.5 என்பது பெயரளவுக்குத்தான் மிஞ்சும். திரைக்கு இந்தக் கவலை இல்லை. லென்ஸ் எவ்வளவு பெரியதானாலும் திரை இருப்பது ஃபிலிம் பக்கத்தில்; அது மூட வேண்டியது ஃபிலிமைத்தானே தவிர லென்ஸை அல்ல. அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் பர்னெட் இந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு 2004 அதிபர் தேர்தல் பிரசாரத்துக்குப் போனார், 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் போனார்.

ஏரோ எக்டாரின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் கதிர்வீச்சும் உண்டு, நாளாக ஆகக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மாறுவதும் உண்டு. சில வாரம் வெயிலிலோ புறஊதா விளக்கடியிலோ வைத்தால் மஞ்சள் குறையும். தலையணைக்கடியில் வைத்துத் தூங்க வேண்டாம், அவ்வளவுதான்.

இந்த லென்ஸோடு திரையின் வேகங்கள் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்தால்தான் அந்த 1/1000க்கு அர்த்தம் பிறக்கிறது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், நல்ல வெயில், எஃப் 16 என்றால் 1/100 என்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய விதி. அதையே எஃப் 2.5க்குக் கொண்டுவந்தால் 1/4000 கேட்கும். திரையின் 1/1000கூட இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி, அதிகம்தான். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். மர நிழலுக்கோ திண்ணைக்கோ ஆளை நகர்த்தினால் மூன்று ஸ்டாப் குறைந்து 1/500 ஆகிறது. இப்போது திரை சுகமாக வேலை செய்யும். எஃப் 9 பிராசஸ் லென்ஸில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் வெயிலில் 1/1250, நிழலில் 1/160. இங்கேயும் திரைதான். ஆக, 1/1000 ஓடும் காரைப் பிடிப்பதற்கல்ல. பெரிய அபெர்ச்சரை வெயிலில் தாங்கிக்கொள்வதற்கு.

மெதுவான பக்கத்தில் ஒரு பள்ளம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் திரை 1/30க்குக் கீழே இறங்காது. அதற்கப்புறம் டி நிலையில் திறந்து வைத்து லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடுவதுதான் வழி. அரை விநாடிக்குமேல் என்றால் கையால் சமாளிக்கலாம். நம் பழைய ஸ்டூடியோக்காரர்கள் மூடியைக் கழற்றி "ஒண்ணு, ரெண்டு" எண்ணி மாட்டியவர்கள்தானே. ஆனால் 1/15, 1/8, 1/4 ஆகிய மூன்றையும் கையாலும் செய்ய முடியாது, திரையாலும் முடியாது. ஆனிவர்சரியில் 1/10 வரை இருப்பதால் பள்ளம் கொஞ்சம் சிறியது. இயற்கைக் காட்சி எடுப்பவர் எஃப் 22இல் விடியற்காலையில் நிற்பது இந்தப் பள்ளத்துக்குள்தான். அவருக்குத் திரை உதவாது.

வெளியே மாட்டும் ஷட்டர்கள்

பேரல் லென்ஸ் வேண்டும், ஆனால் ஸ்பீட் கிராஃபிக் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பேக்கார்டு ஷட்டர் என்பது லென்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ மாட்டும் தட்டை. ரப்பர் பல்பை அழுத்தினால் காற்றில் திறக்கும். உச்ச வேகம் 1/25 சுற்றுவட்டாரம். இங்கிலாந்தின் தார்ன்டன் பிக்கார்டு, லென்ஸ் முகத்தில் தொப்பி போல மாட்டும் துணிச்சுருள் ஷட்டர். 1/15 முதல் 1/90 வரை. பெரிய லென்ஸுக்குப் பெரிய அளவு தேட வேண்டும், துணி பெரும்பாலும் நைந்திருக்கும். சினார் கம்பெனியின் ஷட்டர் லென்ஸுக்குப் பின்னால் உட்காரும். 8 விநாடி முதல் 1/60 வரை துல்லியமானது. ஆனால் அது சினார் கேமராவோடு பிறந்தது. வேறு உடம்பில் மாட்ட அடாப்டர் செய்ய ஆள் தேட வேண்டும்.

கவனித்தால், இவை மூன்றும் திரை தடுமாறும் அந்தப் பள்ளத்தில்தான் நன்றாக ஓடுகின்றன. திரை ஜெயிக்கும் இடத்தில் மூன்றும் திணறுகின்றன. அதனால் நான் முதலில் கேட்பது நீங்கள் எந்த ஃபிலிம் போடுகிறீர்கள் என்பதைத்தான். புகைப்படத் தாளையே நெகட்டிவாகப் போடுகிறவருக்கு ஐஎஸ்ஓ 6 அளவுதான் வரும். நிழலில் எஃப் 4.5 லென்ஸில் 1/10. அவருக்குப் பேக்கார்டே போதும், அதற்கும் வசதியில்லாவிட்டால் லென்ஸை இன்னும் சுருக்கி, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடலாம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமும் பெரிய அபெர்ச்சரும் பகல் வெளிச்சமும் சேர்ந்தால்தான் திரைக்கு இணை கிடையாது.

கண்ணாடி வைத்த பெட்டி

மூன்றாவதாக ஒரு சாமான் உண்டு: கிராஃப்ளெக்ஸ் எஸ்எல்ஆர். அதே திரை, கூடவே 45 பாகையில் ஒரு கண்ணாடி, மேலே புகைபோக்கி மாதிரி தோல் குழல். அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் புலம்பெயர்ந்த தாயைப் படமெடுத்தது இந்தக் குடும்பத்துச் சீரிஸ் டி கேமராவில்தான். உட்கார்ந்திருக்கும் மனிதரை எஃப் 4.5இல் குவியம் பார்த்துக்கொண்டே, அவர் முகம் மாறும் கணத்தில் அழுத்துவதற்கு இதைவிடச் சுகமான லார்ஜ் ஃபார்மட் கேமரா நான் தொட்டதில்லை. ஸ்பீட் கிராஃபிக்கில் பின்னாலுள்ள மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் குவியம் பார்த்து, ஃபிலிம் ஹோல்டரை மாட்டி, அதன் ஒளிமறைப்புத் தகடான டார்க் ஸ்லைடை உருவுவதற்குள் ஆள் மூச்சுவிட்டாலே குவியம் போய்விடும், எஃப் 2.5இல் கேட்கவே வேண்டாம்.

வாங்கும்போது மூன்று விஷயம். கண்ணாடி உட்காரும் அறை ஆழமானது, அதனால் வைட் லென்ஸுக்கு வழியே இல்லை. 4×5 சூப்பர் டி கேமராவோடு வந்ததே 190 மி.மீ. எக்டார்தான். முன்பலகை அசையாது, கட்டடத்தை நேராக்க முடியாது. அப்புறம் முக்கியமானது: முதுகில் பழைய கிராஃப்ளெக்ஸ் வகைப் பின்பலகை இருந்தால் இன்று கடையில் கிடைக்கும் 4×5 ஹோல்டர் அதில் நிற்காது. யாராவது கிராஃப்லாக் பின்பலகைக்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

துணியோடு குடித்தனம்

இதழ் ஷட்டரில் தவறு செய்ய ஒரு வழிதான் என்றால் திரையில் நான்கைந்து வழி உண்டு. என் முதல் ஸ்பீட் கிராஃபிக்கில் நான்கு ஷீட் எடுத்தேன். நான்கும் கண்ணாடி மாதிரி வெளுப்பாக வந்தன. லென்ஸ் ஷட்டரைத்தான் இயக்கியிருந்தேன், முதுகில் திரை மூடிக் கிடந்தது. முன் ஷட்டரைப் பயன்படுத்தினால் திரையை முதலில் முழு ஜன்னலுக்குச் சுற்றி நிறுத்த வேண்டும். திரையைப் பயன்படுத்தினால் முன் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டு அடுத்த வாரம் கிளம்பியபோது வேறு தவறு. ஒற்றைத் துணி என்பதால் அதைச் சுற்றி ஏற்றும்போதும் பிளவுகள் ஃபிலிமைக் கடந்துதான் போகும். டார்க் ஸ்லைடை உருவிவிட்டுத் திரையைச் சுற்றினேன். படம் ஒரு முறை ஏறும்போதும் ஒரு முறை இறங்கும்போதும் பதிந்தது. சுற்றியபின்தான் உருவ வேண்டும் என்று ஹோல்டர் பையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கிராஃப்ளெக்ஸ் எஸ்எல்ஆரில் கண்ணாடி கீழே இருக்கும்போது ஒளியை மறைத்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

எழுபது எண்பது வயதுத் துணியில் ஊசித்துளை விழுந்திருக்கும். இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். கறுப்புத் துணிச் சாயத்தை மெல்லிய பூச்சாகத் தடவி மூடலாம். தடியாகப் பூசினால் துணி உருளையில் சுருளாது. ரப்பர் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தால் பூச்சு எடுபடாது, துணியையே மாற்ற வேண்டியதுதான். வேலை முடிந்ததும் முறுக்கைத் தளர்த்தி வையுங்கள். ஒன்று திரைக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்: உள்ளே இருப்பது இரண்டு உருளை, ஒரு ஸ்பிரிங், சில பற்சக்கரங்கள், அவ்வளவுதான். பொறுமையுள்ளவர் வீட்டிலேயே திறந்து பார்க்கலாம். இதழ் ஷட்டரின் மெதுவேகப் பற்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்து ஒரு விநாடி என்பது மூன்றாக இழுத்தால், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் போன்ற விரல்கள் வேண்டும்.

வேகம் சரியா என்று பார்க்கச் செல்போனே போதும். லென்ஸைக் கழற்றி, பின்பலகையைத் திறந்து, கேமராவை வானத்தைப் பார்க்க வைத்து, திரை இறங்குவதை விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். குறுகிய பிளவு, முழு முறுக்கு. பிளவு மேலிருந்து கீழே வர ஏழெட்டு பிரேம் எடுத்தால் 1/1000 மெய்தான். என் கேமராவில் பன்னிரண்டு பதின்மூன்று எடுத்தது. கணக்குப் போட்டால் 1/600. தகட்டில் உள்ளதை நம்பாமல் அளந்ததை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். நெகட்டிவ் ஃபிலிமுக்கு இவ்வளவு பிசகு பெரிதல்ல, ஒவ்வொரு முறையும் அதே பிசகாக இருந்தால் போதும். ஸ்லைடு ஃபிலிம் போடுகிறவர்கள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டாம்.

அதே வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. துணி தொடக்கத்தில் மெதுவாகவும் போகப் போக வேகமாகவும் இறங்குகிறது. அதனால் ஃபிலிமின் மேற்பகுதிக்கு ஒளி கொஞ்சம் கூடுதல். படம் தலைகீழ் என்பதால் அந்த மேற்பகுதி நிஜத்தில் தரை. தரைக்குக் கூடுதலும் வானத்துக்குக் குறைவும்! காசில்லாமல் கிடைத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து நெடுக்காக எடுத்தால் அந்தச் சலுகை இடமிருந்து வலமாகத் திரும்பி முகத்தின் ஒரு பாதியைக் கறுப்பாக்கும்.

எதை எடுப்பது

ஷட்டரோடு வரும் லென்ஸ்கள் ஒன்றிரண்டு, இயற்கைக் காட்சி, கட்டடம், ஃபிளாஷ்: இவை உங்கள் உலகம் என்றால் கிரவுன். எடை குறைவு, உடம்பு மெலிந்தது என்பதால் குட்டையான வைட் லென்ஸ்களும் உள்ளே போகும். ஸ்பீட் கிராஃபிக்கில் 90 மி.மீ.க்குக் கீழே போனால் இடப் பிரச்சினை தொடங்கிவிடும். நிழலில் மனித முகங்கள், பேரல் லென்ஸ், திறந்த அபெர்ச்சர் என்றால் ஸ்பீட். அதிலும் நான் பேஸ்மேக்கரையே சொல்வேன். ஆறு வேகத்தை மனப்பாடம் செய்துவிடலாம், உடம்பிலுள்ள பட்டன் முன் ஷட்டரை இயக்க வேண்டுமா திரையை இயக்க வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஒரு நெம்புகோலும் உண்டு, 1949க்குப் பிறகு வந்தவற்றில் கிராஃப்லாக் பின்பலகை கிடைக்க வாய்ப்பும் உண்டு. மெதுவான 1/10 வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்பவர் ஆனிவர்சரிக்குப் போகலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூப்பர் ஸ்பீட் கிராஃபிக் என்று ஒன்று வந்தது. பெயரில் ஸ்பீட் இருக்கும், முதுகில் திரை இருக்காது. அதன் 1/1000 லென்ஸ் ஷட்டரில் உள்ளது. ஸ்பீட் கிராஃபிக்கிலேயே 3¼×4¼ அங்குல அளவும் உண்டு. படத்தில் பார்த்தால் 4×5 போலவே தெரியும், வாங்கிவிட்டால் ஃபிலிமுக்குத் திண்டாட வேண்டும். விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். பின்பலகை திறந்திருக்க, வெளிச்சத்தை நோக்கி, ஒவ்வொரு பிளவையும் ஒரு முறை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். துணி பாதியில் நின்றாலோ, "சுற்றிப் பார்க்கவில்லை, உடைந்துவிடுமோ என்று பயம்" என்று பதில் வந்தாலோ, அதைத் திரை இல்லாத கேமராவாக நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.